மெரினாவில் இருந்த கண்ணாடிக் கடலும் ஒரு வீட்டுத் தொட்டியும்

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணா, கடல் தண்ணி தொட்டி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கேன். நீமோ மீன், பவளம் எல்லாம் போட்டு. நம்ம ஊர்ல முடியுமா?" நம்ம ஊர் என்றால் பொதட்டூர்பேட்டை. காலையில் எழுந்தால் காதில் விழுவது அலைச்சத்தம் இல்லை, தறிச்சத்தம். கடலுக்கும் எங்களுக்கும் உள்ள ஒரே உறவு, பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலை ஆறு பூண்டியைத் தாண்டி எண்ணூரில் போய்க் கடலில் சேர்கிறது என்பதுதான். அதுவும் ஆற்றில் தண்ணி வந்தால்.

"விசாரிச்சுச் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். மீனைப் பற்றி விசாரிக்கப் போன எனக்கு முதலில் கிடைத்தது மீன் இல்லை, மெரினாவில் ஒருகாலத்தில் இருந்து காணாமல் போன ஒரு கட்டிடம். அதைத் தொடர்ந்து போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

1909-ல் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885-ல் வந்து சேர்ந்த எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. தர்ஸ்டன் படித்தது மருத்துவம், ஆனால் கை வைக்காத துறை இல்லை. 1890-களில் ராமேசுவரத்துக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் போய் முத்து, சங்கு, பவளம் என்று சேகரித்து, அந்தக் கடலின் உயிர்களைப் பற்றி அருங்காட்சியக வெளியீடுகளே எழுதியிருக்கிறார். செத்துப்போய், சாராயத்தில் ஊறி, நிறம் வெளுத்து பாட்டிலில் நிற்கும் மீனையே எத்தனை நாள்தான் ஜனங்களுக்குக் காட்டுவது? உயிரோடு, அதன் நிறத்தோடு காட்டவேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். அதே 1909-ல்தான் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து தயாரித்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள் வந்தன. அதற்காக ஊர் ஊராகப் போய் மனிதர்களின் மண்டை அகலம், மூக்கு நீளம் எல்லாம் அளவுகோல் வைத்து அளந்தார். அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. எங்கள் பக்கத்து நெசவாளர் சமூகங்களும் அந்தத் தொகுதிகளில் அகரவரிசையில் இருக்கின்றன. மீனைத் தொட்டியில் வைத்து ஜனங்களுக்குக் காட்டியவரும், ஜனங்களைத் தொகுதியில் வைத்து உலகத்துக்குக் காட்டியவரும் ஒரே ஆள், ஒரே வருஷம். இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இந்தக் காட்சியகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "ஆசியாவிலேயே முதல்" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சந்தேகம். டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சி சாலையில் 1882-லேயே மீன் பார்க்கும் கூடம் இருந்தது. 1897-ல் கோபேயில் கடல்நீரைச் சுழற்றி வடிகட்டும் ஏற்பாட்டோடு இன்னொன்று வந்துவிட்டது. இந்தியாவில் முதல் என்று சொன்னால் சரியாக இருக்கும், அதுவே போதும். மும்பையின் தாராபோரேவாலா காட்சியகம் வந்ததே 1951-ல்தான்.

ஏன் அதைக் கடற்கரையிலேயே கட்டினார்கள்? காட்சிக்காக மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் கடல் உயிர்களைத் தொட்டியில் வைக்க சுலபமான வழி, கடலுக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான். தண்ணி கெட்டால் கொட்டிவிட்டுப் புதுசு பிடிக்கலாம். மீன் செத்தால் நாளைக்கு வலையில் வேறு வரும். இன்றைக்கும் கடலோரத்துப் பெரிய காட்சியகங்கள் பலவற்றுக்கு இந்த வசதி உண்டு. கடலே அவர்களுக்கு வடிகட்டி. வீட்டுத் தொட்டிக்காரருக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது.

1919-ல் காட்சியகம் அருங்காட்சியகத்தின் கையிலிருந்து மீன்வளத் துறைக்கு மாறியது. ஒரு தலைமுறைக்கு மேல் சென்னைக்காரர்களும், சென்னைக்கு வந்துபோன வெளியூர்க்காரர்களும் 'மீன் காட்சி' பார்த்தார்கள். பிறகு யுத்தம். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பீதியில் பாதி நகரம் காலியானது. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளை, கூண்டு உடைந்து தப்பித்துவிடும் என்று பயந்து, மலபார் போலீஸை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காலகட்டத்திலேயே மெரினா காட்சியகமும் மூடப்பட்டது. சிங்கத்துக்கு ஒரு தோட்டா தேவைப்பட்டது. தொட்டி மீனுக்கு அதுகூடத் தேவையில்லை, பம்பை நிறுத்தினால் போதும். யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கட்டிடத்துக்குப் பழைய வாழ்க்கை திரும்பவில்லை.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். கடல் பக்கத்தில் இல்லாதவர் வீட்டில் கடல் வைப்பது எப்படி? இதற்கு முதலில் விடை கண்டவர் ஒரு பெண். லண்டனில் பாதிரியாரின் மனைவியாக இருந்த அன்னா தின். 1846-ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். கடல்நீர் தீர்ந்தால் திரும்பப் பிடிக்க வழியில்லை. அதனால் இருக்கிற தண்ணியையே காற்றுப்படும்படி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றவைத்தார். ஊற்றியது வீட்டு வேலைக்காரப் பெண். டீ ஆற்றுகிற மாதிரி தினமும் கடலை ஆற்றியிருக்கிறாள்! பிறகு கடற்பாசியும் சேர்த்ததும் தண்ணி நிலைத்தது, பவளங்கள் வருஷக்கணக்கில் பிழைத்தன. இன்றைக்கு நாம் வைக்கும் அலை மோட்டாரும் ஏர் பம்பும் செய்வது அந்தப் பெண் செய்த வேலையைத்தான். அவள் பேர் வரலாற்றில் இல்லை.

அடுத்தது பிலிப் ஹென்றி காஸ். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் கூடம் திறந்ததில் இவருக்குப் பங்கு உண்டு. 1854-ல் இவர் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் 'அக்வேரியம்' என்ற சொல்லே வீடுகளுக்குள் நுழைந்தது. கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்க ஒரு கணக்கும் கொடுத்தார்: சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. நாலே சரக்கு. சுண்ணாம்புச் சத்து ரொம்பக் கொஞ்சம்தானே என்று அதை விட்டுவிட்டார். மீனுக்குச் சரி. ஆனால் பவளம் தன் வீட்டைக் கட்டுவதே அந்தக் 'கொஞ்ச'த்தை வைத்துத்தான். கறியில் உப்பை மறந்த சமையல்காரன் கதை, இங்கே தலைகீழ். 1960-களில் அமெரிக்காவில் பொட்டலத்தில் செயற்கைக் கடலுப்பு விற்பனைக்கு வந்த பிறகுதான் கடல் பார்க்காத ஊர்களிலும் கடல் தொட்டி வைப்பது பரவியது.

காஸ் கதையில் முக்கியமானது உப்புக் கணக்கு இல்லை. அவருடைய புத்தகங்களைப் படித்துவிட்டு, இங்கிலாந்தில் நடுத்தர வர்க்கம் மொத்தமும் வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பியது. பாறைக் குளங்களில் இருந்த பூப்போன்ற கடல் அனிமோன்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சில வருஷங்களில் டெவன் கடற்கரைப் பாறைகள் வெறிச்சோடிவிட்டன. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய 'தந்தையும் மகனும்' என்ற நூலில், அப்பாவின் எழுத்தே அப்பா நேசித்த கடற்கரையை அழித்த சோகத்தைப் பதிவு செய்திருக்கிறார். வீட்டுக்குள் கடலைக் கொண்டுவரும் ஆசையின் முதல் பலி கடல். அதை அப்படியே நினைவில் வையுங்கள், மன்னார் வளைகுடாவுக்கு வரும்போது தேவைப்படும்.

அதற்குப் பிறகு நூறு வருஷம் ஐரோப்பியர்கள் தொட்டியைச் 'சுத்தமாக' வைக்கப் படாதபாடு பட்டார்கள். கல்லைக் கழுவினார்கள், மணலைக் கழுவினார்கள். வெளுத்த பவள எலும்பைக் கொதிக்கவைத்து அலங்காரமாக வைத்தார்கள். மீன் பிழைத்தாலும் பவளம் பிழைக்கவே இல்லை. முடிச்சை அவிழ்த்தவர் ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங். 1961-ல் ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை எளிமையானது. பவளத்திட்டிலிருந்து உயிர் ஒட்டியிருக்கும் கல்லை அப்படியே எடுத்துவா, கழுவாதே. அதன்மேல் மெல்லக் காற்றுக்குமிழ் விடு. வெயில் படவை. அவ்வளவுதான். பக்கத்தில் கடல், வருஷம் பூரா ஒரே வெப்பம் என்று அவருக்கு வசதிகள் இருந்தன. ஆனாலும் அவர் கண்ட விஷயம் பெரிது: தொட்டியை நடத்துவது நாம் இல்லை, கல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள்.

அது எப்படி என்றால், மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், இதில் ஆபத்து குறைவு. கல்லின் உள்ளே, காற்று புகாத துளைகளில் இருக்கும் மூன்றாவது கூட்டம் நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் எல்லாம் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் போடக்கூடாது. கடல் தொட்டி வைத்துத் தோற்றவர்களில் பெரும்பாலோர் தோற்றது இந்த ஆறு வாரத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். தொட்டியை வாங்கிய அன்றைக்கே பிள்ளைகளுக்கு மீன் காட்டவேண்டும் நமக்கு.

ஜெர்மன்காரர்கள் இதோடு இரண்டு சேர்த்தார்கள். ஒன்று, நுரை எடுக்கும் கருவி. உப்புத்தண்ணியில் பொடிக் குமிழ்களை விட்டால் கழிவு குமிழில் ஒட்டி நுரையாக மேலே ஏறும், அதை வழித்துக் கொட்டலாம். மழைக்கால மெரினாவில் கரையில் நுரை ஒதுங்குமே, அதே சங்கதி. நல்லதண்ணியில் இது வேலை செய்யாது, குமிழ்கள் ஒன்றுசேர்ந்து பெரிசாகி உடைந்துவிடும். இரண்டாவது, எனக்கு ரொம்பப் பிடித்தது, சுண்ணாம்புத் தண்ணி. பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970-களில் பரப்பிய முறை. சுண்ணாம்பைத் தண்ணியில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்ததை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடவேண்டும். இரவில் ஏன் என்றால், பாசி வெளிச்சம் இல்லாமல் கரியமில வாயுவை உறிஞ்சுவதை நிறுத்திவிடும், வாயு சேர்ந்து தண்ணி புளிப்பாகும். சுண்ணாம்புத் தண்ணி அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு பவளத்துக்குக் கட்டுமானப் பொருளாக மாறும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூத்துக்குடி நினைவுதான் வந்தது. நம் ஆட்கள் பல தலைமுறையாகச் செய்தது இதற்கு நேர் எதிர். பவளத்தைக் கடலிலிருந்து பெயர்த்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வெட்டிய பவளக் கல் வீட்டுக்கு அஸ்திவாரமாகவும், சுண்ணாம்பாகவும், கார்பைடு ஆலைக்குச் சரக்காகவும் போனது. வெட்டியவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை, கூலிக்கு முங்கிய ஏழை ஜனங்கள். ஆனால் விளைவு விளைவுதான். மொத்தம் சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளத்திட்டில் 32 சதுர கிலோமீட்டர் அழிந்தது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள், முக்கிய காரணம் இந்த வெட்டு. 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் தண்ணிக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கக் கல் இல்லை, தீவு கரைந்துவிட்டது. 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2005 வாக்கில்தான் நின்றது.

இடையில் 2001-ல் சட்டம் மாறியது. கல்பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழாய்ப் பவளம், கடல் விசிறி, கூடவே கடற்குதிரைக் குடும்பம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. எடுத்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு வருஷம் உள்ளே போகவேண்டிவரும். இதைத் தம்பியிடம் சொன்னபோது நம்பவில்லை. "கல்லுக்கா அண்ணா?" என்றான். கல் இல்லைடா, அது பிராணி. உள்ளே பாசியைக் குடிவைத்து, அது சமைத்ததைச் சாப்பிட்டு வாழும் பிராணி.

ஆகவே லீ சின் எங் சொன்ன மாதிரி நம் கடலில் போய் உயிர்க்கல் எடுக்கும் வழி நமக்கு அடைபட்டது. அடைபட்டது சரி என்றே நினைக்கிறேன். காஸ் காலத்து டெவன் கரைக்கு நடந்தது, ஏற்கெனவே பாதி வெட்டுப்பட்ட மன்னாருக்கும் நடக்கவேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் கல்பவளமும் சர்வதேச வணிக ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. முறையான காகிதம் இல்லாமல் வந்தது திருட்டுச் சரக்கு. அந்தப் பட்டியல் உயிர்களை வீட்டில் வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டும் என்று 2024-ல் விதிகளும் வந்துவிட்டன. "பில்லெல்லாம் எதுக்கு சார், எல்லாரும் வச்சிருக்காங்க" என்று சொல்லும் கடையைவிட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. உயிர்க்கல்லுக்குப் பதில் துளைகள் உள்ள செராமிக் கல் வைக்கலாம். பாக்டீரியா குடியேற நாள் கூட ஆகும், அவ்வளவுதான்.

மீன் விஷயம் வேறு. கொளத்தூர் பக்கம் போயிருப்பீர்கள். கப்பி, மோலி, பைட்டர், தங்கமீன் எல்லாம் சென்னையைச் சுற்றியும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் தொட்டியிலும் குட்டையிலும் பிறந்து வளர்ந்தவை. உலக அளவிலும் அப்படித்தான்: நல்லதண்ணி அலங்கார மீன்களில் சுமார் 90 சதவீதம் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் பவளத்திட்டிலிருந்து பிடித்தவை. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்து சயனைடு கரைசலைப் பீய்ச்சி மயங்கவைத்துப் பிடிக்கும் பழக்கம் வந்தது. மீன் கடைக்கு வரும், சில வாரத்தில் செத்துப்போகும், பீய்ச்சிய இடத்துப் பவளம் அங்கேயே செத்துப்போகும்.

இதற்கு ஒரு மாற்று நம் கரையிலேயே இருக்கிறது என்பதுதான் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி. 1947-ல் தொடங்கி, 1949-ல் மண்டபத்துக்கு வந்து, 1971 வரை அங்கேயே தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், தன் விழிஞ்ஞம், மண்டபம் மையங்களில் கோமாளி மீன், டாம்செல் மீன் வகைகளைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் செய்தார்கள். சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு இல்லை. கோமாளி மீன் எல்லாம் பிறக்கும்போது ஆண் தன்மையோடுதான் இருக்கும், கூட்டத்தில் பெரியது மட்டும் பெண்ணாக மாறும். ஆகவே ஜோடி சேர்ப்பதே ஒரு கலை. முட்டையைத் தகப்பன் காவல் காத்து விசிறும். ஒரு வாரம் பத்து நாளில், இருட்டிய பிறகு பொரியும். குஞ்சின் வாய்க்குள் போகும் அளவுக்குத் தீனி வேண்டும், அதற்காக ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரைத் தனியாக வளர்க்கவேண்டும், அந்த ரோட்டிஃபருக்குத் தீனியாகப் பாசியைத் தனியாக வளர்க்கவேண்டும். மீன் வளர்க்க மூன்று பண்ணை! அப்படி வந்த மீனுக்குக் கடையில் கொஞ்சம் கூடவே கேட்டாலும் கொடுக்கலாம். தொட்டியில் பிறந்த மீன் தொட்டித் தீனியைத் தின்னும், சீக்கிரம் பழகும்.

கடைசியாக நம் ஊர்ப் பிரச்சினை, கரண்ட். 2012-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் வெட்டு, மற்ற ஊர்களுக்குப் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில். தறி நின்றது, கூலி நின்றது, அதைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள், எழுதவேண்டியதும் அதுதான். ஆனால் ஒரு சின்னச் சாவும் நடந்தது. எங்கள் தெருவில் ஒருத்தர் இரண்டு தறி போட்டிருந்தவர், ஆசையாகச் சென்னையிலிருந்து கேனில் கடல்தண்ணி கொண்டுவந்து நாலு மீன் வைத்திருந்தார். ஒரு ராத்திரி விசிறியும் இல்லாமல் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவர் மட்டும் உள்ளே சொம்பில் தண்ணியை மொண்டு மொண்டு தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் நாலும் போய்விட்டன. சூடான தண்ணியில் காற்று குறைவாகக் கரையும், உப்புத்தண்ணியில் இன்னும் குறைவு. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் பாக்டீரியாவும் மூச்சுத் திணறிச் சாகும், செத்தது அழுகி மிச்சக் காற்றையும் தின்னும். அன்னா தின் வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சொம்புதான் கண்ணில் வந்தது. லண்டன் குளிரில் அது பலித்தது, நம் மே மாசத்தில் பலிக்கவில்லை. தமிழ்நாட்டில் கடல் தொட்டி ஏன் சென்னைக்காரர் விஷயமாகவே நின்றது என்பதற்குக் கடல் தூரம் பாதிக் காரணம், மின்வெட்டு மீதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நிலைமை பரவாயில்லை. ஆனாலும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று இல்லாமல் தொடங்காதே என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அடுத்தது சூடு. பவளத்துக்கு 25, 26 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் உள்ளே குடியிருக்கும் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவிலேயே அப்படித்தான் வெளுத்தது, கடலுக்கே சூடு தாங்கவில்லை. நம் பக்கம் திருத்தணி மே மாசத்தில் 40-ஐத் தாண்டுவது வாடிக்கை. தண்ணி மேல் விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சில்லர்தான், தொட்டி விலையைவிட அது கூட.

விசிறி வைத்தால் தண்ணி ஆவியாகும். இங்கேதான் புதுசாக வைப்பவர்கள் தவறு செய்கிறார்கள். குறைந்த அளவுக்கு உப்புத்தண்ணி ஊற்றக்கூடாது, நல்லதண்ணிதான். ஆவியானது தண்ணி மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்தவருக்கு இதைச் சொல்லித்தரவேண்டாம். நல்லதண்ணி என்றாலும் எங்கள் போர்த் தண்ணி ஆகாது, கெட்டில் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். ஆர்.ஓ. தண்ணிதான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, ஆகவே 200 லிட்டர் தொட்டிக்கு முதல் தடவை 7 கிலோ. வாரம் 20 லிட்டர் மாற்றினால் 700 கிராம். சமையல் உப்பு கூடாது, அதற்கென்று இருக்கும் கடலுப்பு. வெற்றிலைச் சுண்ணாம்பையும் தொட்டியில் போடாதே, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு இரண்டு வாரம் பேச்சே இல்லை. விட்டுவிட்டான் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது தறிக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில், வெயில் படாத சுவரோரம் தொட்டி நிற்கிறது. செராமிக் கல், மணல், தண்ணி, ஒரு அலை மோட்டார். வேறு ஒன்றுமே இல்லை. சித்தி எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே, "வெறும் உப்புத் தண்ணியைப் பத்து நாளா உக்காந்து பாத்துட்டிருக்கான், நீயாவது கேளுப்பா" என்றார். அவன் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். அம்மோனியா இன்னும் இறங்கவில்லை.